எழுத்து உதிராத பலகை: மரத்தில் அறுத்த அரபு எழுத்துகளைப் பின்பலகையில் பொருத்தும் பாடம்



நிக்காஹ், புதுவீடு குடிபுகுதல், கடை திறப்பு, உம்ரா சென்று திரும்புதல் என்று எந்த நல்ல காரியமானாலும், மரத்தில் அறுத்த அரபு எழுத்துப் பலகை ஒன்றை அன்பளிப்பாகக் கொடுக்கும் வழக்கம் இப்போது நம் குடும்பங்களில் பரவியிருக்கிறது. பிஸ்மி, கலிமா, மாஷா அல்லாஹ் ஆகியவற்றையோ வீட்டுக்காரர் பெயரையோ மெல்லிய பலகையில் அறுத்து, கறுப்பு அல்லது பச்சை வெல்வெட்டின் மேல் ஒட்டி, சட்டம் போட்டுக் கொடுக்கிறார்கள். ஸ்க்ரோல் சா என்னும் சிறிய ரம்ப மெஷின் ஒன்றும் ஒரு மேஜையும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை இது. நம் பிள்ளைகளில் சிலர் இதைத் தொழிலாகவே எடுத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

ஆனால் இந்த வேலையில் ஒரு குறை அடிக்கடி காதில் விழுகிறது. அறுப்பது அழகாக இருக்கிறது, பாலிஷும் நன்றாக வருகிறது. ஆறு மாதம் கழித்து ஒரு புள்ளி உதிர்கிறது, பிறகு ஓர் எழுத்தின் வால் தூக்கிக்கொள்கிறது, அடுத்த மழைக்காலத்தில் பலகையே வில் போல வளைகிறது. வாங்கியவர் சங்கடப்பட்டு வெளியே சொல்லாமல் இருந்துவிடுகிறார். ஆனால் அடுத்த ஆர்டரை வேறு ஊரில் கொடுக்கிறார். அறுக்கக் கற்றுக்கொள்ளும் அளவுக்கு ஒட்டக் கற்றுக்கொள்ளாததுதான் இதற்குக் காரணம். ஆகவே இந்த இதழின் கைத்தொழில் பாடத்தில், அறுத்து முடித்த எழுத்துகளைப் பின்பலகையில் நிலையாகப் பொருத்துவது எப்படி என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஒரு புள்ளியின் கனம்

பூவோ கொடியோ அறுத்தால் எல்லாப் பகுதிகளும் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்கும்படி வரைந்துகொள்ளலாம். பின்பலகை இல்லாமலேயே தொங்கவிடலாம். அரபு எழுத்தில் அது முடியாது. புள்ளிகள் தனி, ஹம்ஸா தனி, ஸபர், ஸேர், ஷத்து எல்லாம் தனித்தனித் துண்டுகள். நகத்தின் அளவே இருக்கும் இந்தத் துண்டுகளைத் தாங்குவது பின்பலகையும் பசையும் மட்டுமே.

அந்தச் சிறு துண்டில்தான் பொருளே இருக்கிறது. பே, தே, ஸே, நூன், யே ஆகிய எழுத்துகள் சொல்லின் நடுவில் வரும்போது எல்லாவற்றுக்கும் ஒரே பல் வடிவம்தான். புள்ளி எத்தனை, மேலா கீழா என்பதை வைத்தே எது எந்த எழுத்து என்று தெரியும். நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுதியபோதும், அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்காக, இருந்த எழுத்துகளோடு புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்தே புதிய எழுத்துகளை உண்டாக்கினார்கள். புள்ளியின் அருமை நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல.

இதற்கு மதரஸாப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதாரணம் போதும். பிஸ்மியின் முடிவில் வரும் ‘ரஹீம்’ என்ற சொல்லில் உள்ள ஹே எழுத்துக்குப் புள்ளி கிடையாது. அதற்கு அடுத்த யேவுக்குக் கீழே இரண்டு புள்ளிகள் உண்டு. ஒட்டும்போது ஒரு புள்ளி நகர்ந்து ஹேயின் வயிற்றில் உட்கார்ந்துவிட்டால் அது ஜீம் ஆகிவிடும், சொல் ‘ரஜீம்’ என்று படிக்கப்படும். அளவற்ற கருணையாளன் என்று பொருள்படும் திருநாமத்தின் இடத்தில், ஷைத்தானைக் குறிக்க அவூதுவில் நாம் சொல்லும் ‘விரட்டப்பட்டவன்’ என்ற சொல் வந்துவிடுகிறது. அரை அங்குலத் துண்டு ஒன்று இடம் மாறினால் நடப்பது இது.

ஆகவே ஒட்டுவதற்கு முன்பே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்மி முழுவதிலும் 4 புள்ளிகள்: பேவுக்கு 1, ரஹ்மானின் நூனுக்கு 1, ரஹீமின் யேவுக்கு 2. மாஷா அல்லாஹ்வில் ஷீனுக்கு 3 புள்ளிகள், அதோடு தனியாக ஒரு ஹம்ஸா. கலிமா தையிபாவில் புள்ளியே கிடையாது. அலிஃபுக்குக் கீழே வரும் 2 ஹம்ஸாக்களை மட்டும் கவனித்தால் போதும். இந்தக் கணக்கை வரைபடத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்து, துண்டுகளை ஒரு கிண்ணத்தில் எண்ணிப் போட்ட பிறகே பசை டப்பாவைத் திறக்க வேண்டும்.

மரம் அசைந்துகொண்டே இருக்கும்

எழுத்துகள் உதிர்வதற்கும் பலகை வளைவதற்கும் அடிப்படைக் காரணம் ஒன்றுதான். வெட்டிக் காய்ந்த பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும், ஈரம் குறைந்தால் சுருங்கும். சித்திரை, வைகாசியில் நம் திண்டுக்கல் சமவெளியின் காய்ச்சலும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையின் ஈரமும் எவ்வளவு வேறுபட்டவை என்பது நமக்குத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் சுவரில் தொங்கும் பலகை இந்த இரண்டுக்கும் நடுவில் இழுபடுகிறது.

இந்த அசைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ரேகையின் நீளவாக்கில் மரம் அநேகமாக மாறுவதே இல்லை. குறுக்குவாக்கில்தான் மாறும். அதிகம் அசையாத மரம் என்று பெயர் பெற்ற தேக்கிலேயே, ஓர் அடி அகலப் பலகையின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால் அகலம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வரை மாறலாம். கண்ணுக்குச் சிறிதாகத் தெரிந்தாலும், ஒரு பக்கம் அசையும் பலகை, இன்னொரு பக்கம் அசையாத எழுத்து, நடுவில் இறுகிய பசை என்றால் மூன்றில் ஒன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். பசை விட்டால் எழுத்து விழும். பசை விடாவிட்டால் எழுத்து விரியும் அல்லது பலகை வளையும்.

நம் பழைய கைவினைஞர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸின் மஸ்ஜிதுல் அக்ஸாவில் இருந்த புகழ்பெற்ற மிம்பரை எடுத்துக்கொள்வோம். சுல்தான் நூருத்தீன் ஸெங்கியின் உத்தரவில் 1168-69ஆம் ஆண்டுவாக்கில் அலெப்போவில் அந்த வேலை தொடங்கியது. 1187இல் நகரம் மீட்கப்பட்ட பிறகு சுல்தான் ஸலாஹுத்தீன் அதைக் கொண்டுவந்து மஸ்ஜிதில் நிறுத்தினார். 1969 ஆகஸ்ட் 21 அன்று வைக்கப்பட்ட தீயில் அது எரிந்துபோனது. பழைய படங்களையும் எஞ்சிய துண்டுகளையும் ஆராய்ந்து ஜோர்டானில் அதே முறையில் புதிய மிம்பர் செய்யப்பட்டு 2007இல் அதே இடத்தில் வைக்கப்பட்டது. 16,000க்கும் மேற்பட்ட மரத்துண்டுகள் ஆணியோ பசையோ இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பூட்டப்பட்டவை. ஒவ்வொரு துண்டும் சிறியது என்பதால் அதன் அசைவும் சிறியது. செருகலில் இருக்கும் நூலளவு இடைவெளி அந்த அசைவை ஏற்றுக்கொள்ளும்.

அந்த வேலை நம் சிறு மேஜைக்கு எட்டாது. ஆனால் மரத்தை அசையவிடு, அல்லது அசையாத பலகையைத் தேர்ந்தெடு என்ற அதன் பாடம் நமக்கும் பொருந்தும்.

பின்பலகை எது?

முதல் தேர்வு ப்ளைவுட். மெல்லிய மரத்தாள்களை ஒன்றின் ரேகைக்கு மற்றொன்றின் ரேகை குறுக்காக வரும்படி அடுக்கி ஒட்டியது என்பதால், ஒரு தாளின் அசைவை அடுத்த தாள் பிடித்து நிறுத்துகிறது. தஞ்சாவூர் ஓவியம் செய்பவர்கள் முன்பு பலாப் பலகையைப் பயன்படுத்தினார்கள். இன்று பெரும்பாலும் ப்ளைவுட்டுக்கு மாறியிருக்கிறார்கள். ஓர் அடிக்கு உட்பட்ட சிறிய வேலைக்கு 6 மில்லிமீட்டர், 2 அடி வரை 9 மில்லிமீட்டர், அதற்கு மேல் 12 மில்லிமீட்டர் கனம் வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது பலகையின் விளிம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, வளைவு இருக்கிறதா என்று பார்த்தே எடுங்கள்.

இரண்டாவது எம்.டி.எஃப். மர நார்களை அழுத்திச் செய்தது என்பதால் ரேகையே இல்லை, முகம் வழுவழுப்பாக இருக்கும், பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும். ஆனால் தண்ணீர் பட்டால் ஊதிவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. விளிம்புகளில் இரண்டு கோட் சீலர் அடிக்காமல் விடக்கூடாது.

மூன்றாவது தேக்கு, வேம்பு, வாகை போன்ற அசல் மரப் பலகை. பார்வைக்கு இதற்கு இணை இல்லை. ஆனால் அசைவு முழுவதும் இதில்தான். இதைப் பயன்படுத்தினால் இரண்டு விதிகளை மறக்கக்கூடாது. எழுத்தும் அசல் மரமானால் இரண்டின் ரேகையும் ஒரே திசையில் ஓட வேண்டும். அப்போது இரண்டும் சேர்ந்தே அசையும். எழுத்து ப்ளைவுட்டாகவும் ஒரே பெரிய துண்டாகவும் இருந்தால், பலகையின் ரேகையை ஒட்டிய நடுக்கோட்டில் மட்டும் பசை வையுங்கள். ஓரங்களைப் பின்னாலிருந்து நீளவாக்குத் துளையில் திருகாணி போட்டுத் தளர்வாகப் பிடிக்கவும். புள்ளி போன்ற சிறு துண்டுகளுக்கு இந்தக் கவலை இல்லை. முழுவதுமே ஒட்டிவிடலாம்.

இன்னொன்று. பலகையின் முன்பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்துப் பின்பக்கத்தை வெறுமனே விட்டால், பின்பக்கம் மட்டும் ஈரத்தைக் குடித்து வளையும். முன்னால் எத்தனை கோட்டோ, பின்னாலும் அத்தனை கோட் சீலரோ வார்னிஷோ அடிக்க வேண்டும். யாரும் பார்க்காத பக்கம்தானே என்று விடுவதால்தான் பாதிப் பலகைகள் கெடுகின்றன.

ஒட்டுவதற்கு முன்

அறுத்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். பிளேடு கீழ்நோக்கி வெட்டுவதால் அடிப்பக்க விளிம்பில் பிசிர் நிற்கும். அந்தப் பிசிரோடு வைத்தால் எழுத்து பலகையில் முழுதாகப் படியாது, பசை இரண்டு மூன்று இடங்களில் மட்டுமே தொடும். 120ஆம் எண் உப்புத்தாளைக் கண்ணாடி அல்லது டைல்ஸ் மேல் விரித்து ஒட்டி, துண்டின் முதுகை அதன் மேல் லேசாகத் தேயுங்கள். கையில் உப்புத்தாளைப் பிடித்துத் தேய்த்தால் விளிம்பு மழுங்கிவிடும். முகத்துக்கு 180, பிறகு 220 போதும். மெல்லிய வால்களைத் தேய்க்கும்போது ஒரே திசையில் இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் உப்புத்தாள் வாலைக் கொத்தி ஒடித்துவிடும்.

தேய்த்த தூளை முழுவதும் தட்டி எடுக்க வேண்டும். பழைய டூத் பிரஷ்ஷால் வெட்டு விளிம்புகளைத் துலக்கி, காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். தூளின் மேல் போட்ட பசை தூளைத்தான் பிடிக்கும், மரத்தைப் பிடிக்காது. மெழுகு, எண்ணெய் எதையும் எழுத்தின் முதுகில் தொடவிடாதீர்கள். எம்.டி.எஃப். தூள் மூச்சுக்கு நல்லதல்ல. முகக்கவசம் போட்டுக்கொண்டு, சிறு பிள்ளைகள் நடமாடாத இடத்தில் தேய்க்கவும்.

பாலிஷ் முதலிலா, ஒட்டுவது முதலிலா என்று பலரும் கேட்கிறார்கள். ஒட்டிவிட்டுப் பாலிஷ் அடித்தால் மூலைகளில் பிரஷ் எட்டாது, பலகையின் நிறமும் கெடும். எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஒட்டினால் வெள்ளைப் பசை வார்னிஷின் மேல் பிடிக்காது. நடுவழி இதுதான்: எழுத்தின் முகத்துக்கும் பக்கங்களுக்கும் மட்டும் பாலிஷ், முதுகு வெறும் மரம். பலகைக்கு முழுவதும் பெயிண்ட் அடித்துக் காயவிடுங்கள். எழுத்து உட்காரும் இடத்தைப் பென்சிலால் குறித்து, கோட்டுக்கு 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, சிறு உப்புத்தாள் துண்டாலோ உளி முனையாலோ பெயிண்ட்டைச் சுரண்டி மரத்தை வெளிக்கொண்டு வாருங்கள். எழுத்து அந்தச் சுரண்டலை மறைத்துவிடும், மரத்தோடு மரம் பிடித்துக்கொள்ளும்.

எந்தப் பசை?

வெள்ளைப் பசை: கடையில் ஃபெவிகால் என்று கேட்டாலே தருவது. வெறும் மரத்துக்கும் வெறும் மரத்துக்கும் இதைவிட நல்லது தேவையில்லை. சரியாக அழுத்தி ஒட்டினால் பிரிக்கும்போது மரம்தான் கிழியும். வைத்த பிறகு சில நிமிடங்கள் நகர்த்திச் சரிசெய்ய முடிவது இதன் பெரிய வசதி. ஈரம் தட்டும் சுவருக்கு, தண்ணீரைத் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

அரால்டைட் போன்ற இரு குழாய்ப் பசை: இரண்டையும் சம அளவில் கலக்க வேண்டும். பித்தளை எழுத்து, அக்ரிலிக், பெயிண்ட் அடித்த பரப்பு, முழுதாகப் படியாத துண்டு ஆகியவற்றுக்கு இது நல்லது. ஆனால் பெயிண்ட்டின் மேல் ஒட்டினால் அந்தப் பெயிண்ட் மரத்தைப் பிடித்திருக்கும் அளவுக்குத்தான் பலம் என்பதை நினைவில் வையுங்கள். கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

ஃபெவிக்விக்: நொடியில் பிடிக்கும், அதனாலேயே நகர்த்த முடியாது. காய்ந்தபின் கண்ணாடி போல் நொறுங்கும் தன்மை உடையது. கறுப்புப் பலகையில் சுற்றிலும் வெண்மையாகப் பூத்துவிடும். இதை மட்டும் நம்பி ஒட்டிய புள்ளிகள்தான் அதிகம் உதிர்கின்றன. ஆனால் துணைக்கு நன்றாக உதவும். புள்ளியின் நடுவில் வெள்ளைப் பசையும் ஓரத்தில் கடுகளவு இதுவும் வைத்தால், வெள்ளைப் பசை காயும்வரை இது கிளாம்ப் போலப் பிடித்துக்கொள்ளும்.

எஸ்.ஆர். என்னும் ரப்பர் பசை: இரு பக்கமும் தடவி, தொட்டால் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்த வேண்டும். துணி, ரெக்ஸின், சன்மைக்காவுக்கு ஏற்றது. தொங்கும் எழுத்தின் பாரத்தில் காலப்போக்கில் இறங்கக்கூடும் என்பதால் எழுத்துக்கு வேண்டாம்.

க்ளூ கன் குச்சியும் இரட்டைப் பக்க டேப்பும்: பள்ளிக்கூட அட்டை வேலைக்குச் சரி. மேற்கு வெயில் படும் சுவரில் மே மாதத்தில் இரண்டுமே இளகும். விலை வாங்கிச் செய்யும் வேலையில் இவற்றைத் தொடாதீர்கள்.

இடம் குறித்து ஒட்டும் முறை

எழுத்தை அறுத்து எடுத்தபின் மிஞ்சும் வெளிப்பலகையைப் பலர் உடனே அடுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதை வைத்திருங்கள். ஒவ்வோர் எழுத்தும் புள்ளியும் எந்த இடத்தில் இருந்தனவோ அந்த இடத்தின் அச்சு அதுதான். பின்பலகையின் மேல் அந்த மிச்சப் பலகையை நேராக வைத்து, நான்கு மூலையிலும் டேப் போட்டு நிறுத்துங்கள். எழுத்துகளை அவற்றின் பள்ளத்தில் போட்டால், வரைந்த இடத்திலேயே அவை உட்காரும். ரஹீம் ரஜீமாக மாற வழியே இல்லை. பலகை ஒடிந்துபோயிருந்தால், வரைபடத்தின் இன்னொரு பிரதியைக் கார்பன் தாள் வைத்துப் பலகையில் லேசாகப் பதித்துக்கொள்ளலாம். அறுக்கும் முன்பே இரண்டு பிரதி எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

முதலில் பசை இல்லாமல் எல்லாவற்றையும் அடுக்கிப் பாருங்கள். புள்ளிகளை எண்ணுங்கள். பிறகு அரபு ஓதத் தெரிந்த ஒருவரை, முடிந்தால் மஹல்லா இமாமையோ மதரஸா உஸ்தாதையோ, ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வரைந்தவரின் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பிக் கேட்டாலும் போதும். ஒட்டிய பிறகு தெரியவரும் பிழையைத் திருத்தப் பலகையையே உடைக்க வேண்டிவரும்.

அடுத்தது பசை. துண்டின் முதுகில் டப்பாவிலிருந்து நேராகப் பிழிந்தால் ஓரத்தில் வழிந்தே தீரும். ஒரு டைல்ஸ் துண்டின் மேல் சிறிது பசையை விட்டு, பழைய ஏ.டி.எம். கார்டால் தாள் கனத்துக்குத் தேய்த்துப் பரப்புங்கள். ரப்பர் முத்திரையை மை அட்டையில் ஒற்றுவது போல, எழுத்தின் முதுகை அந்தப் பசையில் ஒற்றி எடுங்கள். எங்கும் ஒரே கனத்தில் மெல்லிய பசை ஏறியிருக்கும். மெல்லிய வால்களுக்கு நுனி பிரஷ்ஷால் நடுக்கோட்டில் மட்டும் தடவினால் போதும். வெயில் காலத்தில் பசை சீக்கிரம் தோல் கட்டும். ஃபேனை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று துண்டுகளாக முடித்துக்கொண்டே போங்கள்.

பெரிய எழுத்துகளை முதலில் வைத்து, புள்ளிகளைக் கடைசியில் வையுங்கள். புள்ளியைப் பிடிக்க ட்வீசர் நல்லது. எல்லாம் உட்கார்ந்த பிறகு, அழுத்தும் முன் மிச்சப் பலகையை நேராக மேலே தூக்கி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வழிந்த பசையில் அதுவும் ஒட்டிக்கொள்ளும்.

அழுத்தும்போது மேலே பாலிதீன் தாள், அதன் மேல் பழைய கம்பளத் துண்டு, அதன் மேல் மணல் நிரப்பிய சிறு பைகள் என்று வையுங்கள். எழுத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப மணல் பை வளைந்து படியும். வெறும் செங்கல் மேட்டை மட்டுமே அழுத்தும். ஒரு மணி நேரத்தில் பிடித்துவிட்டது போலத் தெரியும். ஆனாலும் 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். அடைமழைக் காலத்தில் இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பசை வழிந்தால் உடனே ஈரத்துணியால் துடைக்காதீர்கள். வெறும் மரத்தில் அது ரேகைக்குள் பரவி, பாலிஷ் அடித்த பிறகு திட்டுத் திட்டாகத் தெரியும். அரை மணி நேரம் விட்டு, பசை ரப்பர் பதத்துக்கு வந்ததும், பல் குச்சியின் முனையால் நெம்பினால் நூல் போல வந்துவிடும்.

வெல்வெட்டும் திருகாணியும்

நம் மக்கள் வெல்வெட்டை விரும்புகிறார்கள். ஆனால் வெல்வெட்டின் மேல் பசை வைத்தால் அது துணியின் முடியைத்தான் பிடிக்கிறது. முடி பிடுங்கிக்கொண்டால் எழுத்தும் கூடவே வரும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி: எழுத்து உட்காரும் இடத்தில், எழுத்தைவிட 3 மில்லிமீட்டர் சிறியதாக வெல்வெட்டை பிளேடால் வெட்டி எடுத்து, பலகையோடு நேராக ஒட்டுவது. புள்ளிகளுக்கு இதுவே சிறந்த வழி. வெட்டும் முன் துணியைப் பலகையில் முழுவதும் ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய விளிம்பு பிரிந்து வரும்.

இரண்டாவது வழி, பின்னாலிருந்து திருகாணி. எழுத்தின் கனம் 8 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். கணக்கு எளிது. பலகை 9, எழுத்து 8, மொத்தம் 17 மில்லிமீட்டர். திருகாணி 13 மில்லிமீட்டர் என்றால் எழுத்துக்குள் 4 மில்லிமீட்டர் இறங்கும், முகத்தைத் துளைக்காது. முதலில் மெல்லிய துளை போட்டுவிட்டுத்தான் திருக வேண்டும். இல்லாவிட்டால் மெல்லிய எழுத்து பிளந்துவிடும். 4 மில்லிமீட்டர் ப்ளைவுட் எழுத்துக்குத் திருகாணி உதவாது. அதற்குப் பசைதான்.

எழுத்து சுவரிலிருந்து எழும்பி நிழல் விழ வேண்டும் என்று விரும்பினால், எழுத்துக்கும் பலகைக்கும் நடுவில் 3 முதல் 6 மில்லிமீட்டர் கனமுள்ள சிறு மரத்துண்டுகளை, வெளியே தெரியாதபடி உள்ளே தள்ளி ஒட்டலாம். புள்ளிகளுக்கும் அதே கனத்தில் ஒரு துண்டு வேண்டும். எழுத்து உயரத்திலும் புள்ளி தாழ்விலும் இருந்தால், பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குப் புள்ளி இடம் மாறித் தெரியும்.

மாட்டும் இடம்

சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் குமிழோ சிறு மரத்துண்டோ ஒட்டுங்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் காற்று ஓடும். மழையில் ஓதம் ஏறும் சுவர், சமையலறையின் ஆவி, குளியலறைக்கு அடுத்த சுவர், மேற்கு வெயில் நேராகப் படும் இடம் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லி வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு சிறு சீட்டில் எழுதி, பலகையின் முதுகிலேயே ஒட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

எழுத்துக்கு உரிய மரியாதை

திருவசனங்களைச் சுவரில் மாட்டுவது பற்றி ஆலிம்களிடையே பல கருத்துகள் உண்டு. அதை அவரவர் தங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிவது முறை. நாம் சொல்ல வருவது, மாட்டுவது என்று முடிவு செய்த பிறகு அது கீழே விழாமல் இருக்க வேண்டும் என்பதே. உதிர்ந்த எழுத்து தரையில் கிடந்து, தெரியாமல் மிதிபட்டு, விளக்குமாறோடு குப்பைக்குப் போவதை யாரும் விரும்பமாட்டோம். அறுக்கும்போது ஒடிந்த எழுத்துத் துண்டுகளையும், வசனம் அச்சிட்ட வரைபடத் தாள்களையும் மரத்தூளோடு சேர்த்துக் கொட்டாமல் தனி டப்பாவில் சேர்த்துவைத்து, இமாமிடம் கேட்டு முறையாக அடக்கிவிடுங்கள்.

இது பிழைப்பின் கேள்வியும்கூட. நம் ஊர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர்ப் பூட்டுகள் மலிவாக வந்து குவிந்து தொழில் நலிந்தபோதும், திண்டுக்கல் பூட்டு என்ற பெயர் நிலைத்ததற்குக் காரணம் அதன் உள்ளே இருந்த வேலை. வெளியே தெரியாத நெம்புகோல்களை ஒவ்வொன்றாக அரத்தால் ராவிப் பொருத்தியவர்களின் கை அது. எழுத்துப் பலகையிலும் அப்படித்தான். வாங்குபவர் பார்ப்பது முகத்தை, காலம் பார்ப்பது முதுகை. மெஷினில் அறுத்து மலிவாக விற்கும் பலகைகள் கடைகளில் வந்துகொண்டே இருக்கும். அவற்றோடு விலையில் போட்டியிட நம் பிள்ளைகளால் முடியாது. பத்து வருடம் கழித்தும் புள்ளி உதிராத பலகை என்ற பெயரை மட்டும் அவர்களால் சம்பாதிக்க முடியும்.

செய்யும் வேலையைச் செம்மையாக முடிப்பதை இத்கான் என்று நம் மார்க்கம் சிறப்பித்துச் சொல்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பசை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதும் அதில் அடங்கும். இந்தப் பாடத்தைப் படித்த பெற்றோர், வீட்டில் பழைய எழுத்துப் பலகை இருந்தால் இன்றே அதன் புள்ளிகளை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஆடினால் இறக்கி, மேலே சொன்ன முறையில் மகனையோ மகளையோ கொண்டே சரிசெய்யுங்கள். அதுவே அவர்களுக்கு முதல் பயிற்சியாக அமையும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கைத்தொழிலில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.